வாசகர் கேள்வி: வொஷிங்டனுக்கு எவ்வளவு அதிகாரம்?

போன இதழில் அமெரிக்க அரசாங்கம் 2025 ஒக்டோபர் தொடங்கி 43 நாள் முடங்கிக் கிடந்ததைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு இத்தனை கடிதம் வரும் என்று நினைக்கவில்லை. ஏறாவூரிலிருந்து பொத்துவில் வரைக்கும் எழுதியிருக்கிறீர்கள். எட்டுக் கேள்வியை மட்டும் எடுத்திருக்கிறேன். சிலதைச் சுருக்க வேண்டி வந்தது, கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம்.

கேள்வி: நான் உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறேன். ஹூஸ்டனில் இருக்கிற மாமா போன் எடுத்தால், "ஃபெடரல் அரசாங்கம் எல்லாத்திலயும் கை போடுது, அதைக் குறைக்க வேணும்" என்று சொல்வார். எங்கட வீட்டில் அப்பப்பா காலம் தொட்டு "ஃபெடரல் வேணும்" என்றுதான் கதை. ஒரே சொல் எப்படி இரண்டு பக்கமும் நிற்கிறது? (மாணவி, களுவாஞ்சிகுடி)

பதில்: மகள், சொல்லில் பிழையில்லை, புறப்பட்ட இடம் வேறு. மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்குப் போகிற பஸ்ஸும் கொழும்பிலிருந்து இங்கே வருகிற பஸ்ஸும் மகாஓயாவில் தேத்தண்ணிக்கு நிற்கும். இரண்டும் ஒரே கடைக்கு முன்னால்தான் நிற்கின்றன, ஆனால் முகம் எதிரெதிர்ப் பக்கம்.

அமெரிக்காவில் முதலில் இருந்தது 13 மாநிலங்கள். மத்தி பிறகு வந்தது. 1781 இல் அவர்கள் செய்துகொண்ட முதல் ஏற்பாட்டில் மத்திக்கு வரி போடும் அதிகாரமே இல்லை, மாநிலங்களிடம் கையேந்த வேண்டும், கொடுத்தால் உண்டு. 1786 இல் மசாசூசெட்ஸில் கடனில் மூழ்கிய விவசாயிகள் நீதிமன்றங்களை மறித்துக் கிளம்பியபோது படை அனுப்ப மத்தியிடம் காசில்லை. அடுத்த வருடம் பிலடெல்பியாவில் கூடிப் புது யாப்பு எழுதினார்கள். மத்தி பலப்பட வேண்டும் என்று வாதாடியவர்கள் தங்களுக்கு வைத்துக்கொண்ட பெயர்தான் ஃபெடரலிஸ்ட். ஆகவே அங்கே அந்தச் சொல் மத்திக்குப் பலம் சேர்க்கிற சொல்லாகப் பிறந்து, இன்றைக்கு "ஃபெடரல்" என்றாலே வொஷிங்டன் என்று ஆகிவிட்டது.

எங்கள் கதை தலைகீழ். வெள்ளைக்காரன் எல்லாக் கயிற்றையும் கொழும்பில் கட்டி வைத்துவிட்டுப் போனான். 1949 இல் தந்தை செல்வா தொடங்கிய கட்சிக்குத் தமிழில் இலங்கைத் தமிழரசுக் கட்சி, ஆங்கிலத்தில் ஃபெடரல் பார்ட்டி. அவர்கள் கேட்டது கட்டினதை அவிழ்க்கச் சொல்லி. (1926 இலேயே இலங்கைக்குச் சமஷ்டி, அதாவது ஃபெடரல் முறைதான் பொருத்தம் என்று பேசியவர் எஸ். டபிள்யூ. ஆர். டி. பண்டாரநாயக்க. பரீட்சைக்கு வராவிட்டாலும் ஞாபகத்தில் வைத்திரு.)

உன் மாமாவின் கோபத்துக்கும் காரணம் உண்டு. 1791 இல் சேர்த்த பத்தாவது திருத்தம், மத்திக்கு என்று எழுதிக் கொடுக்காத அதிகாரமெல்லாம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ சொந்தம் என்று சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கும். ஆனால் அதே யாப்பில் மாநிலங்களுக்கு இடையிலான வர்த்தகத்தை ஒழுங்கு செய்யும் அதிகாரம் மத்திக்கு என்று ஒரு வரி கிடக்கிறது. அந்த ஒரு வரி எவ்வளவு தூரம் இழுபடும் என்பதற்கு ஒரு விவசாயியின் கதை சொல்கிறேன். ஒஹையோ மாநிலத்தில் ரொஸ்கோ ஃபில்பர்ன் என்று ஒருவர். கோதுமை விலை விழாமல் இருக்க வொஷிங்டன் ஆளுக்கு இவ்வளவுதான் விதைக்கலாம் என்று அளவு வைத்த காலம். அவருக்குக் கிடைத்தது 11.1 ஏக்கர், அவர் விதைத்தது 23 ஏக்கர். 117 டொலர் 11 சதம் தண்டம் போட்டார்கள். "நான் கூட விளைவித்ததை விற்கவில்லையே, என் மாட்டுக்கும் கோழிக்கும் வீட்டு மாவுக்கும்தானே வைத்தேன், இதில் வர்த்தகம் எங்கே?" என்பது அவர் வாதம். 1942 இல் உயர் நீதிமன்றம் ஒரே குரலில் அவருக்கு எதிராகத் தீர்த்தது. வீட்டுக்கு விளைவித்ததால் நீ சந்தையில் வாங்கவில்லை, எல்லோரும் இப்படிச் செய்தால் நாடு முழுக்க விலை மாறும், ஆகவே இதுவும் வர்த்தகம்தான் என்றார்கள். எங்கள் வட்டையில் வேளாண்மை வெட்டி, வருடச் சாப்பாட்டுக்கென்று பத்து மூட்டை நெல்லை வீட்டில் அடுக்குகிறவனிடம் வந்து ஒருவர் கணக்குக் கேட்டால் எப்படி இருக்கும், யோசித்துப் பார். அந்த எரிச்சல்தான் டெக்சாஸில் இன்றைக்கும் பேசுகிறது.

ஆனால் மாமாவிடம் இதையும் கேள்: 2017 இல் ஹார்வி சூறாவளி ஹூஸ்டனை மூழ்கடித்தபோது வீடு திருத்தக் காசு எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு வொஷிங்டனிலிருந்து.

கேள்வி: கல்லோயாத் திட்டத்தை அமெரிக்கர்கள் கட்டினார்கள் என்று எங்கள் வாப்பா சொல்வார். உண்மையா? அப்படியென்றால் அவர்களின் அரசாங்கமா கட்டியது? (விவசாயி, சம்மாந்துறை)

பதில்: உண்மைதான் நானா. இங்கினியாகலையில் அணையைக் கட்டியது மொரிசன் நூட்சன் என்ற அமெரிக்கக் கொம்பனி. கட்டுவித்தது இலங்கை அரசாங்கம். ஆனால் அமெரிக்காவிலிருந்து வந்தது புல்டோசர் மட்டுமில்லை, ஒரு யோசனையும் வந்தது. 1949 இல் சட்டம் போட்டு உருவாக்கிய கல்லோயா அபிவிருத்திச் சபை, அமெரிக்காவின் டெனசி பள்ளத்தாக்கு அதிகார சபையைப் பார்த்து வரைந்தது. இந்த இடம் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுகிறது, கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள்.

1933 இல் அமெரிக்காவில் வேலையில்லை, வங்கிகள் விழுந்து கிடந்தன. ரூஸ்வெல்ட் பதவிக்கு வந்து மூன்று மாதத்துக்குள் அந்தச் சபைக்கான சட்டத்தில் கையெழுத்துப் போட்டார். டெனசி ஆறு ஓடும் ஏழு மாநிலங்களில் அணை, மின்சாரம், வெள்ளத் தடுப்பு, உரம் எல்லாவற்றையும் பார்க்க மத்திய அரசின் ஒரு நிறுவனம். அந்தக் காலத்தில் அந்த நாட்டு விவசாய வீடுகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் கரண்ட் இருந்தது. தனியார் மின்சாரக் கொம்பனி ஒன்றின் பங்குதாரர்கள் எதிர்த்து வழக்குப் போட்டார்கள், 1936 இல் உயர் நீதிமன்றம் சபைக்குச் சாதகமாகத் தீர்த்தது. நல்லது மட்டும் நடக்கவில்லை. நோரிஸ் என்ற முதல் அணைக்காக ஏறக்குறைய 3000 குடும்பங்கள் ஊரை விட்டு எழும்பின. காணிக்காரருக்குக் காசு கிடைத்தது, அடுத்தவன் காணியில் குத்தகைக்குச் செய்தவனுக்கு நிலத்துக்கான நட்டஈடு இல்லை.

இப்போது பாருங்கள். பெரிய அரசாங்கம் கூடாது என்று சொல்லும் குடியரசுக் கட்சிக்கு டெனசி இன்றைக்குக் கோட்டை. 1964 இல் அந்தக் கட்சியின் ஜனாதிபதி வேட்பாளர் கோல்ட்வாட்டர், அந்தச் சபையை விற்க வேண்டும் என்று சொல்லி அந்தப் பக்கத்தில் பெயரைக் கெடுத்துக்கொண்டார். 2013 இல் ஒபாமாவின் அரசாங்கம் விற்பதைப் பற்றி யோசிக்கலாம் என்று வரவு செலவுத் திட்டத்தில் எழுதியபோது, எதிர்த்தவர்கள் டெனசியின் குடியரசுக் கட்சி செனட்டர்கள். இன்றைக்கும் சுமார் ஒரு கோடிப் பேருக்கு அங்கிருந்துதான் மின்சாரம். மத்திய அரசு தூரத்தில் இருக்கும்போது எதிரி, வீட்டில் விளக்கை ஏற்றினால் எங்கட ஆள். நான் இதைக் குறையாகச் சொல்லவில்லை, மனிதர் அப்படித்தான்.

எங்களுக்கு வந்தது எது, வராதது எது? அணை வந்தது. சேனநாயக்க சமுத்திரம் வந்தது, அதன் தண்ணீரால் உங்கள் வட்டையில் சிறுபோகம் விளைகிறது, அதை நான் ஒருநாளும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் பட்டிப்பளை ஆற்றுப் (கல்லோயாவுக்கு எங்கள் பெயர்) பள்ளத்தாக்கில் யாரைக் குடியேற்றுவது என்ற முடிவு முழுக்கக் கொழும்பில் இருந்தது. ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் தலைமுறையாக வேளாண்மை செய்த தமிழரையும் முஸ்லிம்களையும் யாரும் கேட்கவில்லை. குடியேறியவர்களில் மிகப் பெரும்பாலானோர் வெளியிலிருந்து வந்த சிங்கள மக்கள். அவர்களும் நிலமில்லாத ஏழைகள்தான், அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. 1956 ஜூனில் கல்லோயாவில் தமிழர்கள் கொல்லப்பட்டார்கள். 1961 இல் மட்டக்களப்பிலிருந்து அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது. டெனசிக்காரனுக்கு அந்தச் சபை பிடிக்காவிட்டால் அவனுடைய மாநிலத்துக்கு ஆளுநர், சட்டசபை, இரண்டு செனட்டர் என்று குரல் இருந்தது, வழக்குப் போட இடமிருந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு சபை வந்தது, அதற்கு எதிரே நின்று பேச எங்களுக்கென்று ஒரு சபை இருக்கவில்லை.

கேள்வி: உலகத்துக்கே கடன் கொடுக்கிற நாடு சம்பளம் கொடுக்காமல் எப்படிப் பூட்டிக் கிடக்கும்? (ஓய்வுபெற்ற லிகிதர், கல்முனை)

பதில்: காசில்லாமல் இல்லை ஐயா, காசை எடுக்க அனுமதியில்லாமல். காங்கிரஸ் ஒதுக்காத பணத்தைச் செலவழிக்கக் கூடாது என்று 1884 இலிருந்தே சட்டம் இருக்கிறது. 1980 இல் அப்போதைய சட்டமா அதிபர் அதற்கு இறுக்கமாகப் பொருள் சொன்ன பிறகுதான் கதவைப் பூட்டும் வழக்கம் வந்தது. இந்த 43 நாள்தான் அதுவரை நீண்டது, அதற்கு முன்னர் 2018 கடைசியில் தொடங்கி 35 நாள். இங்கே வரவு செலவுத் திட்டம் தாமதமானால் இடைக்காலக் கணக்கறிக்கை ஒன்றை நிறைவேற்றிச் சமாளிப்பதை உங்கள் சேவைக் காலத்தில் பார்த்திருப்பீர்கள். அங்கேயும் அப்படி ஒரு வழி உண்டு, அதற்கும் இரண்டு கட்சியும் கை தூக்க வேண்டும், தூக்கவில்லை.

கேள்வி: அஸ்ஸலாமு அலைக்கும். ட்ரம்ப் கல்வி அமைச்சையே மூடப் போகிறார் என்று செய்தி பார்த்தேன். அப்படியானால் அங்கே பாடசாலைகள் யார் கையில்? மாகாணப் பாடசாலையில் படிப்பிக்கிற எனக்கு இது விளங்கவே இல்லை. (ஆசிரியை, ஏறாவூர்)

பதில்: வஅலைக்கும் ஸலாம். உங்களுக்கு விளங்காததற்குக் காரணம் உங்கள் அனுபவம்தான். இங்கே பாடத்திட்டம், பாடநூல், பரீட்சை எல்லாம் கொழும்பு. பெரிய பாடசாலை தேசிய பாடசாலை என்ற பெயரில் மத்திக்குக் கீழே. மிச்சமிருக்கிற, கூரை ஒழுகுகிற பாடசாலைகள் மாகாணத்துக்கு. அங்கே அப்படியில்லை. பாடசாலைச் செலவில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் வொஷிங்டனிலிருந்து வருகிறது. மீதியை மாநிலமும் ஊரும் போடுகின்றன, ஊரின் பங்கு பெரும்பாலும் வீடு வளவுக்குப் போடும் வரி. ஊர்ச் சபையைப் போலப் பாடசாலைக்கென்றே தேர்தல் வைத்துச் சபை தெரிவு செய்கிறார்கள். மத்திய கல்வித் திணைக்களம் மிகவும் பிந்தி, கார்ட்டர் காலத்தில் 1979 இல் போட்ட சட்டத்தால் வந்தது. அடுத்த வருடமே ரேகன் அதை மூடுவேன் என்று பிரசாரம் செய்தார், மூடவில்லை. 2025 மார்ச்சில் ட்ரம்ப் அதை மூட வழி பார்க்கச் சொல்லி உத்தரவில் கையெழுத்திட்டார். ஊழியர் தொகை ஏறக்குறையப் பாதியானது. ஆட்குறைப்பு தொடரலாம் என்று ஜூலையில் உயர் நீதிமன்றம் இடைக்காலமாக அனுமதித்தது. ஆனால் சட்டத்தால் பிறந்ததை முழுதாக மூடக் காங்கிரஸ் சட்டம் போட வேண்டும்.

சரி, பத்தில் ஒரு பங்குதானே, போனால் போகட்டும் என்று விடலாமா? அந்தப் பத்தில் ஒன்று யாருக்குப் போகிறது என்று பார்க்க வேண்டும் ராத்தா. 1965 இன் சட்டம் ஏழைப் பிள்ளைகள் அதிகமாகப் படிக்கும் பாடசாலைக்குக் கூடுதல் காசு கொடுக்கிறது. 1975 இன் சட்டம் மாற்றுத்திறன் உள்ள ஒவ்வொரு பிள்ளைக்கும் பொதுப் பாடசாலையில் தக்க கல்வி உரிமை என்று சொன்னது. அதற்கு முன்னர் பத்து லட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகளைப் பாடசாலைக்குள்ளேயே எடுக்கவில்லை. மாநிலங்களுக்கு அதுவரை அதிகாரம் இல்லாமலா இருந்தது? இருந்தது, செய்யவில்லை. காது கேளாத பிள்ளையின் தாய் ஊர்ச் சபைத் தேர்தலில் தனி ஆள், அவளால் ஆட்களைச் சேர்த்து வெல்ல முடியாது. அவளுக்கு மேலே ஒரு கதவு வேண்டும். பாடசாலை ஊரின் கையில் இருப்பதுதான் நல்லது என்று நம்புகிற ஆள் நான், இருந்தும் இந்த ஒரு விடயத்தில் மத்தியின் பக்கம்தான் நிற்பேன்.

கேள்வி: சுனாமியில் அக்காவையும் அவரின் இரண்டு பிள்ளைகளையும் இழந்தவன் நான். அடுத்த வருடம் அமெரிக்காவில் கத்ரீனாப் புயல் வந்தபோது, வீட்டுக் கூரையில் ஏறி நின்று கை காட்டிய சனத்தை டிவியில் பார்த்தேன். அத்தனை பெரிய அரசாங்கம் ஏன் வரவில்லை? இத்தனை வருடமாக மனதில் கிடக்கிற கேள்வி. (வாசகர், கல்லடி)

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு ஒரு நாள் எழுதாமல் வைத்திருந்தேன்.

நியூ ஓர்லியன்ஸ் எங்களுக்கு அந்நிய ஊரில்லை. புனித மிக்கேல் கல்லூரியில் படிப்பித்த இயேசு சபைக் குருமார் பலர் அந்த ஊரைத் தலைமையாகக் கொண்ட மாகாணத்திலிருந்து வந்தவர்கள். வெபர் மைதானத்துக்குப் பெயர் தந்த ஹரல்ட் வெபர் அடிகளாரும் அவர்களில் ஒருவர். ஆகவே 2005 ஓகஸ்ட் 29 அன்று அந்த நகரம் மூழ்கியபோது மட்டக்களப்பில் அழுத வயதானவர்கள் இருந்தார்கள்.

ஏன் வரவில்லை என்றால், யார் வருவது என்பதிலேயே சிக்கல். அவர்களுடைய சட்டப்படி முதலில் ஊர், பிறகு மாநிலம், மாநில ஆளுநர் கேட்டால் மத்தி. லூசியானா ஆளுநர் பிளாங்கோ கேட்டார், ஜனாதிபதி புஷ் புயலுக்கு முன்னமே அவசர நிலையும் அறிவித்தார். ஆனால் பஸ் எங்கே, தண்ணீர் எங்கே, யாருடைய கட்டளையில் யார் என்ற இழுபறியில் நாட்கள் போயின. மாநிலப் படையைத் தன் கீழ் தரச் சொல்லி வொஷிங்டன் கேட்டது, ஆளுநர் மறுத்தார். நகரத்தின் 80 வீதம் தண்ணீருக்குள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: நகரத்தை மூழ்கடித்தது காற்றைவிட உடைந்த வெள்ளத் தடுப்புச் சுவர்கள். அந்தச் சுவர்களைக் கட்டும் பொறுப்பு 1965 இன் புயலுக்குப் பிறகு மத்திய அரசின் இராணுவப் பொறியியல் பிரிவுக்குக் கொடுக்கப்பட்டிருந்தது. மத்தி கட்டியது, மத்தியின் கட்டுமானம் உடைந்தது, பிறகு மத்தி வரத் தாமதமானது. மத்தி பெருக்க வேண்டும் என்பவரும் குறைக்க வேண்டும் என்பவரும் கத்ரீனாவைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். 2025 இல் ட்ரம்ப், அனர்த்த வேலையை மாநிலங்களே பார்க்கட்டும், அனர்த்த உதவிக்கென்று மத்தி வைத்திருக்கிற நிறுவனத்தை மெல்ல மெல்லக் குறைப்போம் என்றார். டெக்சாஸ், கலிபோர்னியா போன்ற பெரிய மாநிலங்கள் ஒருவேளை தாங்கும். லூசியானா போன்ற ஏழை மாநிலம் எதைக்கொண்டு தாங்கும்? அனர்த்தம் என்பது ஒரு இடத்தை மட்டும் அடிப்பது, அடிபடாத இடத்தின் காசு வந்தால்தான் அடிபட்ட இடம் எழும்பும். அதற்குத்தான் மத்தி. இதில் எனக்கு இரண்டு அபிப்பிராயமில்லை.

முதல் நாள் மட்டும் எந்த அரசாங்கமும் வராது. அங்கே லூசியானாவின் மீன்பிடிப் படகுக்காரர்கள் தங்கள் படகுகளை இழுத்துக்கொண்டு வந்து கூரையில் நின்றவர்களை இறக்கினார்கள். இங்கே யார் இறக்கினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும்.

இலங்கையில் அதிக உயிர் போனது அம்பாறை மாவட்டத்தில், பத்தாயிரத்துக்கு மேல். மட்டக்களப்பும் நிறைய இழந்தது. உதவிப் பணத்தை எங்கள் பகுதி ஆட்களும் சேர்ந்து பங்கிட 2005 ஜூனில் பொதுக் கட்டமைப்பு என்று ஓர் உடன்பாடு கையெழுத்தானது, ஜூலையில் உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பகுதிகளை நிறுத்தியது. உங்கள் அக்கா வீட்டு அடித்தளம் அப்படியே கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள், முற்றத்துக் கிணற்றுக் கட்டில் பிள்ளைகள் கரியால் கீறிய கிளித்தட்டுக் கோடு இரண்டு வருடம் அழியாமல் இருந்தது என்றும். அதைப் படித்த பிறகு சட்டக் கதை சொல்ல நா எழவில்லை. இவ்வளவுதான் எழுத முடிகிறது.

கேள்வி: நீங்கள் எப்போதும் அதிகாரம் கீழே வர வேண்டும் என்று எழுதுகிறீர்கள். மாகாணத்துக்கு எல்லாம் கிடைத்து, மாகாணத்தில் பெரும்பான்மையாக இருக்கிறவர் மற்றவரை நசுக்கினால்? அமெரிக்காவில் கறுப்பின மக்களை நசுக்கியது மாநிலங்கள்தானே? (வாசகர், நிந்தவூர்)

பதில்: கேட்க வேண்டிய கேள்வி. மழுப்ப மாட்டேன்.

ஆம், மாநிலங்கள்தான். 1957 செப்டெம்பரில் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ரொக் என்ற நகரில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் வெள்ளையர் பாடசாலைக்குள் போக வந்தபோது, ஆளுநர் ஃபோபஸ் மாநிலப் படையை வாசலில் நிறுத்தி மறித்தார். பாடசாலையில் இனம் பிரிப்பது யாப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் 1954 இல் சொல்லி மூன்று வருடம் ஆகியிருந்தது. ஜனாதிபதி ஐசன்ஹோவர் மத்திய இராணுவத்தின் 101 ஆவது வான்குடைப் படைப்பிரிவை இறக்கினார், கூடவே அந்த மாநிலப் படையையும் தன் கட்டளைக்குள் எடுத்தார். செப்டெம்பர் தொடக்கத்தில் பிள்ளைகளை மறித்து நின்ற அதே படைக்கு, மாதக் கடைசியில் அந்தப் பிள்ளைகளைக் காக்கும் வேலை. மாநில உரிமை என்று ஃபோபஸ் கத்தினார், அந்தச் சொல்லுக்கு அன்று பிடித்த கறை இன்னும் போகவில்லை.

ஆனால் அதற்கு நூறு வருடம் முன்னால் போங்கள். 1850 இல் மத்தி போட்ட சட்டம், வடக்குக்குத் தப்பி ஓடிய அடிமையைப் பிடித்துத் திருப்பிக் கொடு என்றது. கொடுக்க மாட்டோம் என்று நின்றவை வட மாநிலங்கள். 1854 இல் பொஸ்டனில் அந்தனி பர்ன்ஸ் என்ற மனிதரை மத்திய அரசின் படையினர் தெரு வழியே கப்பலுக்குக் கொண்டுபோனார்கள், ஊர் சனம் இரண்டு பக்கமும் நின்று எதிர்த்துக் கூவியது. அன்றைக்கு மாநில உரிமை என்பது மனிதனைக் காக்கும் சொல். இன்றைக்கும் பாருங்கள், குடிவரவு விடயத்தில் வொஷிங்டனுக்கு ஒத்துழைக்க மாட்டோம் என்று நிற்கும் கலிபோர்னியா நகரங்களின் வாதமும், துப்பாக்கிச் சட்டத்தில் ஒத்துழைக்க மாட்டோம் என்று நிற்கும் கிராமத்து ஷெரீப்மாரின் வாதமும் ஒரே வாதம்.

ஆகவே மத்தி நல்லது, மாநிலம் கெட்டது என்றோ மறுபுறமோ நான் சொல்ல மாட்டேன். உள்நாட்டுப் போருக்குப் பின் 1868 இல் அவர்கள் சேர்த்த பதினான்காவது திருத்தம்தான் எனக்குப் பெரிய பாடம்: எந்த மாநிலமும் எந்த ஆளுக்கும் சட்டத்தின் சமமான பாதுகாப்பை மறுக்கக் கூடாது. மாநிலத்துக்கு அதிகாரம் இருக்கட்டும், அதற்குக் கீழே தாண்ட முடியாத ஒரு தரை இருக்கட்டும், அந்தத் தரையை மத்தியும் உடைக்க முடியாமல் இருக்கட்டும். அதை நடைமுறைக்குக் கொண்டுவரவே அவர்களுக்கு ஏறக்குறைய நூறு வருடம் எடுத்தது என்பதும் உண்மை.

கிழக்கில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரில் எவரும் பாதிக்கு மேல் இல்லை. ஒவ்வொருவரும் ஏதோ ஓர் ஊரில் சிறுபான்மை. 1990 இல் காத்தான்குடிப் பள்ளிவாசலில் முஸ்லிம்கள் கொல்லப்பட்டதையும் சத்துருக்கொண்டானில் தமிழர்கள் கொல்லப்பட்டதையும் மறந்துவிட்டு எனக்கு அதிகாரப் பகிர்வு பற்றி எழுத முடியாது. நிந்தவூரில் இருந்து நீங்கள் கேட்கிற பாதுகாப்பை மாகாணத்துக்கான எந்த யாப்பிலும் முதல் பக்கத்தில் எழுத வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இன்றைக்கு அந்தப் பேச்சுக்கே இடமில்லை. 2017 செப்டெம்பரில் கலைந்த கிழக்கு மாகாண சபைக்கு எட்டு வருடத்துக்கு மேலாகத் தேர்தல் இல்லை. திருகோணமலையில் ஜனாதிபதி நியமித்த ஆளுநர்தான் எல்லாம்.

கேள்வி: அறுகம்பேயில் சேர்ஃபிங்குக்கு வந்த ஒரு அமெரிக்கர், தன் ஊரில் கஞ்சா கடையில் விற்கிறார்கள் என்றார். நாட்டுச் சட்டம் தடை என்று கூகிளில் கிடக்கிறது. யார் பொய்? (விடுதி ஊழியர், பொத்துவில்)

பதில்: இரண்டும் உண்மை. மத்தியின் 1970 சட்டம் தடை செய்கிறது. 2012 இல் கொலராடோவும் வொஷிங்டன் மாநிலமும் வாக்கெடுப்பு வைத்து அனுமதித்தன, பிறகு பல மாநிலங்கள். மத்திச் சட்டத்தை அமுல் செய்ய மாநிலப் பொலிசை மத்தி கட்டாயப்படுத்த முடியாது என்பது உயர் நீதிமன்றத்தின் நிலைப்பாடு, 1997 இல் துப்பாக்கி வழக்கொன்றில் தெளிவாகச் சொன்னார்கள். பிடிக்க வேண்டுமானால் மத்தி தன் ஆட்களை அனுப்ப வேண்டும், அத்தனை ஆட்கள் இல்லை. ஆனால் பெரிய வங்கிகள் பயத்தில் அந்தக் கடைகளுக்குக் கணக்குத் திறப்பதில்லை, நிறைய வியாபாரம் கைக்காசில் நடக்கிறது. இங்கே தடை, அதை மட்டும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர்ப் பாதையில் உள்ள மதகு இடிந்து இரண்டு மாரி போய்விட்டது. ஒருவர் மற்றவரைக் காட்டுகிறார். அமெரிக்காவில் பாதை யாருடையது? (வாசகர், தம்பிலுவில்)

பதில்: அண்ணன், உங்கள் கடிதத்தோடு வந்த ஐந்து போட்டோ பிரதிகளையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் அலுவலகம் இரண்டாவதுக்கு எழுதியிருக்கிறது, இரண்டாவது மூன்றாவதுக்கு, மூன்றாவது திரும்ப முதலாவதுக்கு. ஐந்திலும் நீல மையில் முத்திரை, ஐந்திலும் "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்படுகிறது". கடைசிப் பிரதியின் மூலையில் தண்ணீர் பட்டு மை ஊறியிருக்கிறது. மதகடியில் வைத்துப் படித்தீர்கள் போலும்.

அங்கே பெரிய நெடுஞ்சாலை மாநிலத்துடையது, ஊர்ப் பாதை பெரும்பாலும் உள்ளூராட்சியுடையது. 1956 இல் நாடு முழுக்க நெடுஞ்சாலை போட வேண்டும் என்று முடிவு செய்தபோது மத்தி செலவில் 90 வீதம் கொடுத்தது, கட்டியதும் பராமரிப்பதும் மாநிலம். காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? 1984 இல், மது வாங்கும் வயதை 21 ஆக்காத மாநிலத்துக்கு நெடுஞ்சாலைக் காசில் ஒரு பகுதியை வெட்டுவோம் என்று சட்டம் போட்டார்கள். தென் டகோட்டா வழக்குக்குப் போய் 1987 இல் தோற்றது. 2012 இல்தான் நீதிமன்றம் எல்லை கீறியது: ஏழைகளுக்கான மருத்துவத் திட்டத்தை விரிக்காவிட்டால் ஏற்கனவே தருகிற காசையும் நிறுத்துவோம் என்று மாநிலத்தை மிரட்ட முடியாது என்றது. காசு காட்டி இணங்க வைக்கலாம், கழுத்தில் கத்தி வைக்கக் கூடாது. எங்கள் மாகாணத்துக்கு இந்த வழக்கே தேவைப்படாது. செலவில் மிகப் பெரிய பங்கு கொழும்பிலிருந்து வருகிறது, எங்கள் யாப்பின் பதின்மூன்றாவது திருத்தத்திலேயே எல்லா விடயங்களிலும் தேசியக் கொள்கை மத்திக்கு என்று எழுதியும் இருக்கிறது. வரி போடும் கை இல்லாதவனிடம் அதிகாரம் எழுதிக் கொடுத்து என்ன, மதகு கட்டக் கல் வாங்க முடியாதே.

இப்போது உங்கள் மதகு. பாதைக்கு ஏ அல்லது பி எழுத்து இருந்தால் அது மத்தியுடையது, உங்கள் ஊரூடாகப் போகிற ஏ4 போல. சி, டி என்றால் மாகாணம். எழுத்தே இல்லாத ஒழுங்கை என்றால் பெரும்பாலும் பிரதேச சபை. பெயர்ப் பலகை இல்லை என்று எழுதியிருப்பதால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி மூன்று இடத்துக்கும் ஒரே நாளில் ஒரே கேள்வியைப் போடுங்கள்: "இந்தப் பாதை உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா, இல்லையா?" வேறு ஒன்றும் கேட்க வேண்டாம், மதகைப் பற்றிக்கூட வேண்டாம். கிடைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள். 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் தீர்மானம் சொல்ல வேண்டும். மூன்று பதிலும் வந்ததும் எனக்கும் பிரதி அனுப்புங்கள், அடுத்த மாரிக்கு முன்னர் இந்தப் பக்கத்திலேயே போடுகிறேன்.